இத்தாலியிலும் லைன் வீடு உண்டா?

ஏட்டி,

பால்பவுடர் டின்னைத் திறக்கக் கரண்டிக் காம்பு வேண்டியிருந்தது. மூடியை நெம்பியதும் முதலில் வந்தது பூஞ்சை வாடை. கொஞ்சம் பொறுத்து அதற்கு அடியிலிருந்து ஏலக்காய். பூச்சி அரிக்காமல் இருக்க நீ போட்டு வைத்த நாலு காயும் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன. ஒன்றை உடைத்து வாயில் போட்டேன், விதையில் இன்னும் காரம் இருக்கிறது. பக்கத்தில் மூன்று கேசட். மூன்று அட்டையிலும் அதே ஆள், அதே மூக்கு. ஒன்றில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருக்கிறான். ஒன்றில் மாப்பிள்ளை வேஷம். மூன்றாவதில் கோட்டு சூட்டு, பின்னால் ஒரு படை வயலின்காரர்கள். அந்த இத்தாலிப் பாடகன் பேரை உன்னைப்போல் நாக்கைச் சுழற்றிச் சொல்ல எனக்கு வந்ததே இல்லை. நமக்கு அவன் மூக்கன்.

போன வாரம் பரணைக் காலி செய்ய ஆரம்பித்தேன். அடுத்த மாதம் எனக்கு வேலை முடிகிறது. எஸ்டேட் ஆப்பீஸிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. மேலே மலையாளத்தில் நாலு வரி, கீழே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஒரு பேர் எழுத வேண்டும். எழுதினால் வீடு இருக்கும். எழுதாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எஸ்டேட் ஆள்கணக்கான செக்ரோலில் நம் வீட்டு ஆள் ஒருத்தர் பேர் இருக்கும்வரைதான் இந்தச் சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு நமக்கு என்பது நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்? என் அம்மா பேரை எடுத்த அன்று என் பேர் ஏறியது. உன் அம்மா பேரை எடுத்த அன்று உன் பேர். இந்தத் தடவை அந்தக் கட்டத்துக்கு இருந்தது என் ஜெனி ஒருத்திதான்.

ஜெனிக்கு இருபத்திநாலு வயது. பொள்ளாச்சியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கோபாலபுரத்தில் செக்போஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வீட்டுக்காரம்மாவிடமிருந்து 'ஏனுங்க', 'சரிங்க' எல்லாம் பிடித்துக்கொண்டு வந்து என்னையே கேலி செய்கிறாள். தாளைக் காட்டினேன். கேலியெல்லாம் நின்றுபோய், தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா, எழுதிக்கோ. உனக்குப் போறதுக்கு வேற எடம் எங்க இருக்கு" என்றாள்.

என் அடுப்படியில் நின்று நீ ஒருநாள் சொன்ன மாதிரியே சொன்னாள், அதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு.

நீ மடத்தை விட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? மறையூர் பஸ்ஸிலிருந்து இறங்கினாய். காலில் இத்தாலிச் செருப்பு, தலையில் முக்காடு இல்லை, கையில் ஒரே ஒரு பெட்டி. பதினெட்டு வயதில் சிஸ்டர் ஆகப் போனவள் முப்பத்திரண்டில் சும்மா திரும்பி வருகிறாள் என்றால் லைன் முழுக்க வாசலுக்கு வராதா? வந்தது. கோயிலில் சில பேர் உன் பக்கத்தில் முட்டி போடாமல் ரெண்டு வரிசை தள்ளிப் போட்டார்கள். "தொத்து வியாதியா எனக்கு? சாமிய விட்டுட்டு வரல, சமையக்கட்டத்தான் விட்டுட்டு வந்திருக்கேன்" என்று நீ குரலைத் தாழ்த்தாமல் சொன்னாய். உனக்கு எப்போதுமே குரலைத் தாழ்த்தத் தெரியாது.

உன் அம்மா தேயிலைக் கொழுந்துக் காட்டில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டு கிடந்தார். அவருக்கும் வேலை முடியும் வயது. வீட்டில் வேறு பேர் இல்லை. உனக்குக் கடிதம் எழுதியது நான்தான். 'அம்மா படுக்கையில். இந்த மாதத்துக்குள் பேர் கொடுக்காவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வார்கள்' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அதை எழுதும்போது, நீ பக்கத்து வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை எழுதவில்லை.

ஆக, இத்தாலியில் மடம் நடத்திய ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் பதினோரு வருஷம் மாவு பிசைந்தவள், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போனாய். உன்னோடு வந்தது அந்த மொழியும் இந்த மூன்று கேசட்டும்தான். சமையற்கட்டில் உன்னோடு நின்ற இத்தாலிக்காரி, நம் வாயில் குண்டம்மா, கொடுத்து அனுப்பியது. அவள் சிகரெட் பிடித்துக்கொண்டே இவன் பாட்டைப் போட்டுச் சிரிப்பாளாம், குழம்பில் சாம்பல் விழுமாம். "நான் பாஷை கத்துக்கிட்டது செபப் புஸ்தகத்துல இல்லட்டி, இவன் பாட்டுலயும் அவ வாயிலயும்தான்" என்பாய். வாயை மூடிக்கொண்டு சிரிப்பாய். முன்பல் ஒன்று போயிருந்தது உனக்கு.

அப்போது நான் பிள்ளைமடுவத்தில் ஆயா. கொழுந்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வைத்திருக்கும் அந்த ஒற்றை அறையில்தான் என் உத்தியோகம் முழுக்கப் போனது. பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட எஸ்டேட் ஒரு டேப்ரெக்கார்டர் கொடுத்திருந்தது. அதில் மூக்கன் பாடினான். பத்துப் பதினைந்து தொட்டில் ஆட, இத்தாலிக்காரன் கிதாரைத் தட்டிக்கொண்டு யாரையோ நக்கல் செய்துகொண்டிருப்பான். பிள்ளைகள் அசந்து தூங்கும். அந்தத் தொட்டில்களில் ஒன்றில் ஜெனியும் கிடந்தாள்.

மத்தியானம் நீ வருவாய். மருந்தடித்த செடியில் உரசிய துணியோடு உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். அதனால் நீ வெளியே படியில் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பாய், நான் உள்ளே ஜன்னல் ஓரத்தில் இருப்பேன், நடுவில் கம்பி. ஒரு வரி ஓடும், நான் டேப்பை நிறுத்துவேன், நீ வாயில் சோற்றோடு அர்த்தம் சொல்வாய். தடுப்பூசி அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். ஒரு பாட்டு முடிய மூன்று மத்தியானம் ஆகும். நடுவில் பிள்ளை அழுதால் நாலு.

உடுமலைப்பேட்டையிலிருந்து நடுவில் ரெண்டு பின் அடித்து ஒரு சின்னப் பத்திரிகை வந்துகொண்டிருந்ததே, அதில் 'நான் கேட்ட இசை' என்று வாசகர்களை எழுதச் சொன்னார்கள். "நீ எழுதுடி. பள்ளிக்கூடத்துல உன் கட்டுரையத்தான் போர்டுல ஒட்டுவாங்க" என்று நீதான் கிளப்பிவிட்டாய். மூக்கனின் முதல் ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதினேன். ஒரு எழுத்து இத்தாலி தெரியாதவள், கேரளத்து மலையில் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிறவள், இத்தாலிப் பாடகனுக்கு மார்க் போட்டேன். துணிச்சல் என்றால் அதுதான் துணிச்சல்.

பழைய இதழ்களும் டின்னில் இருக்கின்றன. படித்தேன். வெட்கமாகவும் இருக்கிறது, கொஞ்சம் கர்வமாகவும் இருக்கிறது. முதல் ஆல்பத்தைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன்: ஒரு கிதார், ஒரு குரல், பின்னால் யாரோ இருமுகிறார்கள், அந்த இருமலைக்கூட அழிக்காமல் விட்டதுதான் அழகு, வரி முடியும் முன்பே பாடகனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, அதை மூக்கால் அடக்குகிறான். நல்ல காதுதான் எனக்கு. பிறகு பாட்டுப் பாட்டாகப் போகிறேன். முதல் பாட்டு, துரை வீட்டு நாய்க்கு ஜலதோஷம். நாயை ஜீப்பில் ஏற்றி டாக்டரிடம் கொண்டு போகிறார்கள், பின்னால் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நடந்து போகிறாள், ஜீப்பிலிருந்து நாய் அவளைப் பார்த்துத் தும்முகிறது. 'நாயை வைத்து முதலாளியை அடிக்கும் வித்தை இவருக்குக் கைவந்திருக்கிறது' என்று பாராட்டியிருக்கிறேன்.

மூன்றாவது பாட்டு வீட்டைப் பற்றியது. ஒரு வீடு ஒவ்வொரு நாள் காலையிலும் உள்ளே இருப்பவளைக் கேட்கிறது, 'இன்றைக்கு உன் பேர் இருக்கிறதா?' அவள் 'இருக்கிறது' என்றால் கூரை அப்படியே நிற்கும். ஒருநாள் காய்ச்சலில் பதில் சொல்ல மறந்துவிடுகிறாள், கூரை எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே கேட்டேன்.

"ஏட்டி, அங்கயுமா லைன் வீடு இருக்கு?"

நீ சோற்றை மெல்ல விழுங்கிவிட்டுச் சொன்னாய். "பின்ன? முதலாளி இருந்தா லைன் வீடும் இருக்கும்."

"கொழுந்து?"

"திராட்சை."

ஒரு கண் சிமிட்டவில்லை நீ. நான் அப்படியே எழுதினேன்: 'இத்தாலியின் திராட்சைத் தோட்டங்களிலும் நம்மைப்போல் லைன் வீடுகள் உண்டு என்பதை இந்தப் பாடல் வழியே அறிகிறோம்.' அந்தப் பாட்டின் மெட்டு துள்ளலாக இருக்கும், குரலில் ஒரு சோகமும் இருக்காது. அதற்கும் நான் காரணம் கண்டுபிடித்தேன். 'துயரமான சொற்களைச் சிரித்த முகத்தோடு பாடுவதே இவரது தனி முத்திரை' என்று ஒரு போடு போட்டேன். ஆசிரியரிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது. 'இத்தாலியிலும் லைன் வீடு உண்டா? அடுத்த இதழில் விரிவாக விளக்கவும்.' வால்பாறையிலிருந்து ஒரு வாசகர் அந்த ஊர்த் தொழிலாளர்களுக்காக இரவு ஜெபத்தில் வேண்டிக்கொண்டதாக எழுதியிருந்தார். கார்டை நான் படிக்கப் படிக்க உனக்குப் புரையேறி, படியிலிருந்து எழுந்து செடிப்பக்கம் ஓடினாய். நான் தலையில் தட்ட ஓடி வந்தேன். எதற்காகப் புரையேறியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் ஆல்பத்தில் டிரம்பெட் வந்தது, கல்யாண பேண்ட் மாதிரி. அதில் நீ சொன்ன பாட்டுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது சாமிக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணின் பாட்டு. மாப்பிள்ளையைக் கண்ணாலேயே பார்க்க முடியவில்லை, மாமியார்கள் மட்டும் பதினாறு பேர் என்று அவள் புலம்புவாள். மூன்றாம் ஆல்பத்தை நான் கிழித்துவிட்டேன். 'பாயசத்தில் சர்க்கரைக்கு மேல் சர்க்கரை போட்டதுபோல் வயலின்கள். கிண்டல் செய்கிறவன் பின்னால் இத்தனை பேர் நிற்கக் கூடாது' என்று எழுதினேன். கடைசிப் பாட்டுக்கு நீ அர்த்தமே சொல்லவில்லை. டேப்பை நிறுத்திக் கேட்டேன், நீ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "அதுல ஒண்ணுமில்லட்டி. வெறும் லாலாலாதான்" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டாய். அன்று உனக்கு இடைவேளை முடிய இன்னும் நேரம் இருந்தது. நானும் எழுதினேன்: 'கடைசிப் பாடலில் ஒன்றுமில்லை. கேட்காமல் விட்டாலும் நஷ்டமில்லை.'

அதோடு விமர்சனமும் நின்றது. பத்திரிகை நின்றது, டேப்ரெக்கார்டர் ஈரத்தில் கெட்டது, ஜெனியின் அப்பா போய்ச் சேர்ந்தார். உன் அம்மா மட்டும் கிடந்தார். பதினாலு வருஷம் அவரை நீ புரட்டிப் போட்டுக் கழுவிக் கஞ்சி ஊற்றினாய். காலையில் மஸ்டரில் பேர் கொடுத்துக் கொழுந்துக் காடு, சாயங்காலம் அம்மா. ஞாயிற்றுக்கிழமை என்னோடு சீட்டு விளையாடிக் களவாணித்தனம் செய்வாய். வெளியே பனி இறங்கினால் எதிர்லைன்கூடத் தெரியாது. "கண்ணாடி டம்ளருக்குள்ள ஈ இருக்குமே, அது மாதிரிட்டி. எல்லாம் தெரியும், எங்கயும் போக முடியாது" என்று ஒருநாள் சொன்னாய். நான் துருப்புச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ம் என்றேன்.

அம்மா போன பிறகு குண்டம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. கிழவி மடத்துச் சமையற்கட்டை விட்டு வெளியே வந்து தெருமுனையில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறாள். கை ஓயவில்லை, கால் ஓய்ந்துவிட்டது, வந்து சேர், டிக்கெட் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள். நீ அதை என் வீட்டு அடுப்படியில் நின்று எனக்குப் படித்துச் சொன்னாய். அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது என்று இப்போதும் சொல்வேன். பல் போன வாயை மூடவே இல்லை நீ.

"போகட்டாட்டி?" என்று கேட்டாய்.

நான் என்ன சொன்னேன்? "வீடு போயிருமே. பதினஞ்சு வருஷம் வேல போட்டிருக்க. அங்க போயி ஒத்துவரலன்னா எங்க வந்து நிப்ப?" என்றேன். எல்லாம் நியாயமான பேச்சு. யார் கேட்டாலும் சரி என்பார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றாய். கடிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாய். குண்டம்மாவுக்குப் பதில் போட்டாயா என்று நான் கேட்கவே இல்லை.

வீட்டைப் பற்றி எனக்கென்னடி கவலை? நீ போய்விட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவது யார், ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் திருடுவது யார் என்பதுதான் என் கவலை. அதைச் சொல்லியிருந்தாலாவது நீ என்னைத் திட்டிவிட்டுப் போயிருப்பாய். வீட்டைச் சொன்னேன். வீட்டைச் சொன்னால் இங்கே யாருக்கும் மறுவார்த்தை வராது.

அதற்கு ரெண்டாவது மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஜீப்பில் ஏற்றும்போது இந்த டின்னை என் மடியில் வைத்து, "மூக்கனப் பாத்துக்கோ" என்றாய். திரும்பி வந்தது ஜீப் மட்டும்தான். அடுத்த மாதமே உன் வீட்டுக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்றைக் குடிவைத்தார்கள். நல்ல பிள்ளைகள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது வேறு பாஷையில் தாலாட்டு கேட்கிறது. நீ காத்த வீடு உனக்காக ஒரு மாதம்கூடக் காத்திருக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. டின்னைப் பார்த்ததும் ஜெனி கேசட் அட்டையை போனில் படம் பிடித்தாள், கொஞ்சம் தடவினாள். "இந்தாங்க, உங்க மூக்கன் போன்லயும் இருக்காப்ல" என்றாள். அந்தக் கிதார். அந்த இருமல். இருபது வருஷத்துக்கு மேல் கேட்காத இருமலைக் கேட்டு நான் அழுதேன். ஜெனி என்னைப் பார்க்காமல், "வரி எழுதியே போட்டிருக்காங்கம்மா. தமிழ்லயும் மாத்திக் குடுக்கும்" என்றாள்.

போனின் தமிழ் போலீஸ் நோட்டீஸ் தமிழ். ஆனாலும் புரிந்தது. முதல் பாட்டில் ஒரு சித்தப்பா டெலிவிஷன் வாங்குகிறார். குடும்பமே அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறது, சித்தப்பா செத்துப்போனதை மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை.

"நாய் எங்கடி?" என்றேன்.

"நாயா? நாயே இல்லம்மா."

"நல்லாப் பாரு. ஜீப்பு, டாக்டரு..."

"ஜீப்பும் இல்ல."

"போன் பொய் சொல்லுது" என்றேன். ஜெனி வேறொரு இடத்தில் போட்டுப் பார்த்தாள். அங்கும் சித்தப்பாதான். மூன்றாவது பாட்டில் வீடும் இல்லை, கூரையும் இல்லை. முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்து நாட்டை ஆளும் நாலு கிழவர்கள். அதனால்தான் மெட்டு துள்ளல். சாமிக்குக் கட்டிக்கொடுத்தவளின் பாட்டு கால்பந்து நடுவரைப் பற்றியதாம். பதினாறு மாமியார்! விசில் ஊதுகிறவனடி அவன்!

முதலில் கோபம்தான் வந்தது. என்னை அச்சில் ஏற்றி முட்டாளாக்கியிருக்கிறாய். வால்பாறைக்காரரை ஜெபமே செய்ய வைத்திருக்கிறாய். பிறகு உனக்குப் புரையேறியது ஞாபகம் வந்தது. சிரித்தேன். ஜெனி பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். சிரிப்பு ஓய்ந்த பிறகு ஒன்று உறைத்தது. நாயும் பிள்ளைத்தாய்ச்சியும், பேர் கேட்கும் வீடும், பதினாறு மாமியாரும் உன்னுடையவை. படியில் உட்கார்ந்து சோற்றோடு சோறாக நீயே கட்டியவை. உன் பேரில் சொன்னால் 'மடத்தை விட்டு வந்தவளுக்கு வாயைப் பார்' என்பார்கள். அதனால் மூக்கன் பேரில் சொன்னாய். நான் மூன்று இதழாகப் பாராட்டியது உன்னைத்தான். உனக்கு அது தெரிந்திருந்தது என்பது ஒரு ஆறுதல். சொல்லிவிடுகிறேனே, இப்போது ரெண்டையும் வைத்துப் பார்த்தால், டெலிவிஷன் சித்தப்பாவைவிட உன் நாய்தான் ஒரு படி மேல். மூக்கன் தூர நின்று கிண்டல் செய்கிறான். நீ உள்ளே இருந்துகொண்டு செய்தாய்.

"கடைசிப் பாட்டு ஒண்ணு இருக்கும், அதப் போடு. அதுல ஒண்ணுமில்லன்னா, அது மட்டும்தான் அவ சொன்ன நெசம்" என்றேன்.

போட்டாள். வயலின்கள். லாலாலா. அதற்கு முன்னால் வரிகளும் இருந்தன. ஜெனி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ரயில் நிலையத்தில் காத்திருக்கும் அறையில் ஒரே ஒரு நாற்காலி. ஒருவனுக்கு அது கிடைத்துவிடுகிறது. ரயில் வருகிறது. எழுந்தால் நாற்காலி போய்விடும் என்று அவன் எழவில்லை. தண்ணீர் குடிக்கப் போனால்கூடத் தொப்பியை அதன்மேல் வைத்துவிட்டு ஓடி வருகிறான். அடுத்த ரயிலில் காதலி வந்து ஜன்னல் வழியே கூப்பிடுகிறாள். 'வர ஆசைதான், ஆனால் நாற்காலி இருக்கிறதே' என்கிறான். தலை நரைக்கிறது. சாகிற நேரத்தில் பிள்ளையைக் கூப்பிட்டு, தொப்பியை நாற்காலிமேல் வைக்கச் சொல்கிறான். பிள்ளை வைக்கிறான். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, 'நாற்காலி கெட்டிதான், உங்கள் அப்பா ஒரு நாளாவது ரயிலைப் பார்த்தாரா?' என்கிறார். அப்புறம் லாலாலா.

ஜெனி படித்து முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். கட்டம் காலியாக இருந்தது. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

எல்லாப் பாட்டுக்கும் பொய் சொன்னவளுக்கு இதற்கு மட்டும் ஒரு பொய் கிடைக்கவில்லையா? மூக்கன் ஆல்பங்கள் மூன்றிலும் நம்மைப் பற்றி அவன் நிஜமாகவே பாடியது இது ஒன்றுதான். இதை ஜன்னல் வழியே எனக்குச் சத்தமாகச் சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு நீ இங்கே எப்படி இருந்திருப்பாய்? உள்ளே உன் அம்மா கிடந்தார். எழுந்து போக முடியாது என்று தெரிந்தவள் அந்தப் பாட்டை மூடி வைத்தாய். அம்மா போன பிறகு, கடிதத்தோடு என் அடுப்படியில் நின்றபோது, அது உன் காதில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். நீ என்னிடம் கேட்டது அனுமதி இல்லை, ஒரு தள்ளு. நான் தொப்பியை எடுத்து உன் நாற்காலிமேல் வைத்தேன். இதை உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க ஒன்பது வருஷம் தாமதமாகிவிட்டது. மன்னிக்க வேண்டாம், திட்டினால் போதும்.

திங்கட்கிழமை ஆப்பீஸுக்குப் போனேன். முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போது தலைத்துண்டை எடுத்து பெஞ்சில் போட்டு இடம் பிடித்தேன். நமக்கெல்லாம் கை தானாகப் போகுமே, மூணாறு பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டெறிந்து பழகிய கை. திரும்பி வந்து துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. கிளார்க் நல்ல மனிதர், என் கையிலிருந்து தாளை வாங்கிப் பேனாவைத் திறந்துகொண்டார்.

"அக்கா, மகள்டெ பேரு எழுதட்டே?"

அம்மாவின் பேர், என் பேர் எல்லாம் அந்த அறையில்தான் எழுதினார்கள். அந்த வீட்டில்தான் நான் பிறந்தேன், அங்கிருந்துதான் ஜெனியின் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அழுகையாக வந்தது, மறைக்கவில்லை.

"வேண்டாம் சார். எழுத ஆள் இல்ல."

"பின்னே வீடு?"

"வேற யாருக்காச்சும் குடுங்க. சாவி முப்பதாம் தேதி தாரேன்."

அவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். ஒரு கோடு இழுக்க எத்தனை நேரம் ஆகும் என்று நினைக்கிறாய்?

போனில் ஜெனியிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏனுங்கம்மா, இந்த ரூம் சின்னது. கட்டில் ஒண்ணுதான். நீங்க குறட்டை வேற உடுவீங்க" என்றாள். வெயில் அதிகமாம், குளிர் பழகின உடம்பு தாங்குமா என்று கவலைப்படுகிறாள். தாங்கட்டும். ஐம்பத்தெட்டு வயதில் கோபாலபுரத்து வெயிலில் நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அவள் அங்கேயும் இருக்க மாட்டாள், வெளிநாட்டுக்கு முயற்சி செய்கிறாளாம். என்னிடம் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தாள். எங்கே என்று மட்டும் கேட்டேன், இன்னும் முடிவாகவில்லை என்றாள். தடுத்துச் சொல்ல ஒரு வார்த்தை நுனி நாக்குவரை வந்தது. உன் ஏலக்காய் விதை ஒன்று பல்லிடுக்கில் இருந்தது, அதைக் கடித்தேன்.

டின்னைக் கொண்டு போகிறேன். மூக்கனுடையதையும் உன்னுடையதையும் தனித்தனித் தாளில் எழுதிவைக்கிறேன், இந்தமுறை யார் பாட்டு யாருடையது என்று பேர் போட்டு.

அன்று ஆப்பீஸ் படி இறங்கியதும் தூறல் பிடித்தது. தலையைத் தொட்டால் துண்டு இல்லை. பெஞ்சிலேயே கிடந்தது. அதன் பக்கத்தில் இடம் விட்டு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், யாருடைய இடமோ என்று. உள்ளே போய்த் துண்டை எடுத்தேன். "உக்காரு தாயி, நான் போறேன்" என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டிய வார்த்தையும் அதேதான், நீ கடிதத்தோடு நின்ற அன்று 'நான்' என்பதை மட்டும் 'நீ' என்று மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். போடி. போ.